குதிக்குதா, நிக்குதா

அந்த அக்கா எதையும் முன்பக்கமாகப் போய்ப் பார்க்க மாட்டார். யார் வீட்டுக்குப் போனாலும், வாசலில் செருப்பை விடுவதற்கு முன் பக்கத்துச் சந்தில் புகுந்து பின்பக்கம் போய், அந்த வீட்டுத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்து உட்காருவார். தங்கை மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் திருவொற்றியூர் போன இடத்திலும் இதே வேலைதான். உள்ளே காபி ஆறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா, பொண்ணோட பெரியம்மா எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். இவர் பின்னால் கல்லை நகர்த்திச் சாக்கடைக்குள் குனிந்திருந்தாராம். திரும்பி வந்து சபையில் கேட்டுவிட்டார்: "சாக்கடை அடச்சினு கீது. உங்க வூட்டுத் தண்ணி பக்கத்து வூட்டுக்குப் போவுது. அத்தயே பாக்காத மனுசன் எங்க பொண்ண இன்னா பாத்துக்கப் போறான்?" சம்பந்தம் அங்கேயே முறிந்தது. தங்கை ஆறு மாதம் பேசவில்லை. இதை எங்களிடம் சொல்லும்போது அக்காவிடம் துளி வருத்தம் இருக்காது. சாக்கடை எவ்வளவு உயரத்துக்கு அடைத்திருந்தது என்று முழங்கையில் அளந்து காட்டுவார்.

எண்ணூருக்கும் மணலிக்கும் நடுவே, பல தொழிற்சாலைகளின் கழிவுநீரை ஒன்றாக வாங்கிச் சுத்தம் செய்து கால்வாயில் விடும் ஒரு நிலையத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் கெமிஸ்ட். ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். அக்கா வெளியேறும் தண்ணீரை அளந்து எழுதுபவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் நீலச் சட்டை, காலுக்குப் பெரிதான கம்பூட், தலையில் இருக்க வேண்டிய ஹெல்மெட் எப்போதும் முழங்கையில் கூடை மாதிரி தொங்கும். அதற்குள் வெற்றிலையும் பாக்கும் பேனாவும். பெயர் சொல்லி என்னைக் கூப்பிட்டதே இல்லை. "இன்னா கெமிஸ்ட்டு" என்பார். வயதுக்கும் பதவிக்கும் சேர்த்து அவர் கண்டுபிடித்த மரியாதை அது.

அவர் அளந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சுத்தம் செய்த தண்ணீர் திறந்த கான்கிரீட் வாய்க்காலில் வெளியே போகும். ஓரிடத்தில் இரண்டு பக்கச் சுவரும் உள்ளே நெருங்கி, தரை சரிந்து, பிறகு மறுபடி விரியும். ஃப்ளூம் என்று பெயர். நாங்கள் இடுப்பு என்போம். அகலமாக வந்த தண்ணீர் அந்த இடுப்புக்குள் நெருக்கிக்கொண்டு நுழைந்து, கீழே குதித்து, நுரைத்து ஓடும். நுழைவதற்குச் சற்று முன்னால் சுவரில் சென்டிமீட்டர் கோடு போட்ட பட்டை ஒன்று பதித்திருக்கும். தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்து, அறையில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் அந்த எண்ணைத் தேடினால், மணிக்கு எத்தனை கன மீட்டர் போகிறது என்று இருக்கும். உயரம் தெரிந்தால் ஓட்டம் தெரியும், அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இடுப்பைத் தாண்டிய தண்ணீர் தடையில்லாமல் கீழே குதித்துப் போக வேண்டும். எங்கள் வாய்க்கால் விழும் கால்வாயோ முகத்துவாரத்தோடு சேர்ந்தது. கடல் ஏறும்போது அதுவும் ஏறும். அப்போது கீழே போன தண்ணீர் போக இடமில்லாமல் நின்று, பின்னுக்கு நிரம்பி, இடுப்பையே மூழ்கடித்துவிடும். பட்டையில் தண்ணீர் நல்ல உயரத்தில் இருக்கும். அட்டவணை அந்த உயரத்தை நம்பி ஒரு பெரிய எண்ணைச் சொல்லும். உண்மையில் அந்த நேரத்தில் ஒன்றும் போகாது. எதுவுமே போகாத அந்த நேரத்தில்தான் எங்கள் அட்டவணை மிக அதிகமாகப் போகிறது என்று சொல்லும்.

அதனால் அக்கா பட்டையை முதலில் பார்க்க மாட்டார். நேராக இடுப்பைத் தாண்டிக் கீழ்ப்பக்கம் போய் நிற்பார். வாயிலிருக்கும் வெற்றிலைக்காகக் கிள்ளிய காம்பை விரலில் வைத்திருந்து தண்ணீரில் போடுவார். காம்பு சுழன்று நுரைக்குள் புகுந்து காணாமல் போனால், "குதிக்குது" என்று தனக்கே சொல்லிக்கொண்டு மேலே வந்து பட்டையைப் பார்த்து எண்ணை எழுதுவார். காம்பு போட்ட இடத்திலேயே கிடந்தால் பட்டைப் பக்கமே வர மாட்டார். பதிவேட்டில் எண் எழுத வேண்டிய கட்டத்தில், கோணல் மாணலான எழுத்தில், "நிக்குது" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

மேலாளருக்கு அந்தச் சொல்லைப் பார்த்தாலே ரத்தக்கொதிப்பு ஏறும். ஒருநாள் எல்லோர் முன்னாலும் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"இந்தக் கட்டத்துல நம்பர் வரணும்மா. நிக்குதுன்னு எழுதினா எவன் படிப்பான்?"

"நம்பர் எயுதுனா எவன் சார் படிக்கிறான்?"

"ஆபீசர் படிப்பாரு."

"அவரு வந்து பாக்கட்டும் சார். போவாத தண்ணி எவ்ளோ போச்சினு நான் எப்டி எயுதுவேன்? வேணும்னா சொல்லு, எவ்ளோ நேரம் நின்னுச்சினு எயுதுறேன்."

மேலாளர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் எனக்குத் தெரியும். மாதக் கடைசியில் பதிவேட்டைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. நிக்குது என்று இருக்கும் கட்டத்தில் முன்னால் இருக்கும் எண்ணையும் பின்னால் இருக்கும் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்துப் போட்டுவிடுவேன். பள்ளிக்கூடத்தில் சராசரி கண்டுபிடி என்று கேட்ட கணக்கைவிடச் சுலபம். எனக்கு அதில் உறுத்தல் எதுவும் இருந்ததில்லை. சம்பளத்துக்குச் செய்யும் எத்தனையோ முட்டாள்தனங்களில் அதுவும் ஒன்று என்று இருந்தேன்.

அக்கா ஒருமுறை என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "இன்னா கெமிஸ்ட்டு, நின்ன தண்ணிய ஓட உட்டுட்டியா? ஓட்டு, ஓட்டு. உன் கம்ப்யூட்டர்ல முட்டுச்சந்தே கெடையாது போல." போகும்போது மட்டும் தோளில் ஒரு தட்டு தட்டி, "நீ எயுதிக்கோபா. நான் எயுத மாட்டேன்" என்றார்.

அவருடைய இந்தப் பழக்கத்தில் சில நேரம் நானும் மாட்டிக்கொள்வேன். ஒரு பௌர்ணமி நாள், நல்ல வெயிலில், ஆய்வகக் கதவைத் தட்டி என்னை இழுத்துக்கொண்டு போனார். "வா, ஒண்ணு காட்றேன்." இடுப்புக்குக் கீழே தண்ணீர் எண்ணெய் மாதிரி வழவழவென்று இருந்தது. எப்போதும் அங்கே கேட்கும் இரைச்சல் இல்லை. அக்கா காம்பைப் போட்டார். அது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மெல்ல எங்கள் பக்கமாக நகர ஆரம்பித்தது. இடுப்புக்குள் நுழைந்தது, மேலே ஏறியது, பட்டையைத் தாண்டி, நிலையத்தை நோக்கிப் போனது. கூடவே கால்வாயிலிருந்து வந்த மடவை மீன்கள் இரண்டு. ஒன்று பக்கவாட்டில் நீந்திக்கொண்டிருந்தது. "பாத்தியா?" என்றார் அக்கா. "நாம அனுப்புனதுலாம் வூட்டுக்குத் திரும்பி வருது." அவர் அதைத் தமாஷாகத்தான் சொன்னார். எனக்கு அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு கருவி வந்தது. இடுப்புக்கு மேலே ஒரு கம்பியில் தொங்கும் வெள்ளைக் கிண்ணம். அது தண்ணீர் மேல் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை வைத்து உயரத்தைக் கண்டுபிடிக்கும். உயரத்திலிருந்து ஓட்டத்தைத் தானே கணக்குப் போட்டு என் அறைத் திரைக்கு அனுப்பிவிடும். மாட்டுவதற்கு வந்த ஆள் விளக்கிக்கொண்டிருக்க, அக்கா ஹெல்மெட்டை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "எல்லாம் சரிபா. இது கீய பாக்குமா?" என்று கேட்டார். அவனுக்குப் புரியவில்லை. நான்தான் விளக்கினேன். "இல்லம்மா, இது நேரா கீழ இருக்கிற தண்ணியோட உயரத்த மட்டும்தான் பாக்கும்" என்றான் அவன். அக்கா கிண்ணத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, "கெமிஸ்ட்டுக்குத் தம்பி பொறந்துட்டான்" என்று சொல்லிவிட்டு நடந்தார். நான் உட்பட எல்லோரும் சிரித்தோம். கருவி வந்த பிறகும் கைப்பதிவேடு ஒரு சம்பிரதாயமாக நடந்தது. அக்கா நிக்குது என்று எழுதிக்கொண்டேதான் இருந்தார்.

அக்காவின் வீட்டுக்காரர் காத்திவாக்கத்துக்காரர். பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்து, சேற்றில் கையால் தடவி இறால் பிடிப்பவர். தண்ணீரின் அடியில் என்ன இருக்கிறது என்பது அவர் விரலுக்குத் தெரியும் என்று அக்கா பெருமையாகச் சொல்வார். அந்த விரல்கள்தான் முதலில் மடங்கிப் போயின. பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சில் பாதி. நல்ல கனமான மனிதர். அக்கா அவரைக் குளிக்கத் தூக்குவார், உட்கார வைக்கத் தூக்குவார், மாத்திரைக்கு நிமிர்த்துவார். வேலைக்கு வரும் நேரத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். இரண்டு வருடம் அப்படிப் போனது. அந்த இரண்டு வருடத்தில் அக்கா அதைப் பற்றிச் சலித்துக்கொண்டதை நான் கேட்டதில்லை. முதுகைப் பிடித்துக்கொண்டு இடுப்புக்குக் கீழே இறங்குவதை மட்டும் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் குடியிருந்தது நிலையத்துக்குப் பின்னால் ஒரு கிலோமீட்டர் தள்ளி, கால்வாய்க் கரை மேட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த பள்ளமான தெருவில். எல்லா மழைக்கும் அங்கே தண்ணீர் நிற்கும். மழைத் தண்ணீர் என்றால் இரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடும். கால்வாய்த் தண்ணீர் மேட்டைத் தாண்டி வந்தால் கதையே வேறு.

அந்த வருடம் புயல் கரைக்கு வருவதற்கு முன்பே இரண்டு நாள் மழை கொட்டித் தீர்த்தது. புழல் ஏரியிலிருந்து உபரிநீர் வந்துகொண்டிருந்தது. கடல் பொங்கி முகத்துவாரத்தில் நின்றுகொண்டிருந்தது. நிலையத்தில் நானும் இரண்டு காவலாளிகளும்தான். அக்கா அன்று வரவில்லை. பிற்பகல் மூன்று மணி சுமாருக்குப் போன் வந்தது. கத்திக்கொண்டிருந்தார்.

"கெமிஸ்ட்டு, எங்க கீற?"

"பிளான்ட்லதான்க்கா."

"தெருவுல முட்டி வரிக்கும் ஏறிகினு கீது. மய தண்ணியா கால்வா தண்ணியானு தெர்ல. இவர உட்டுட்டு மேட்டாண்ட போயி பாக்கவும் முடியாது. படகு வந்து வாசல்ல நிக்கிது. இவர ஏத்தணும்னா பாயோட நாலு பேரு தூக்கணும், நெஞ்சுல சளி வேற கட்டினு கீது, மயில நனஞ்சா தாங்க மாட்டாரு. நீ போயி இடுப்புக்குக் கீய பாத்துட்டு சொல்லு. குதிக்குதா, நிக்குதா? குதிச்சா கால்வா இன்னும் வாங்கிகினு கீதுனு அர்த்தம். நான் இவர நனைக்கல. நின்னா இப்பவே ஏத்திர்றேன்."

"பாத்துட்டுக் கூப்பிடுறேன்க்கா."

போனை வைத்தேன். இடுப்பு என் அறையிலிருந்து இருநூறு அடி. நடுவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், அதில் அன்று காலை ஒரு காவலாளி பாம்பைப் பார்த்திருந்தான். என்னிடம் மழைக்கோட்டு இல்லை. திரையைத் திரும்பிப் பார்த்தேன். அதில் அதுவரை நான் பார்த்தேயிராத எண் ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு வேகமாக வெளியே போகிறதென்றால் கால்வாய் நன்றாகத்தானே வாங்குகிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பாதிப் பொய். மூழ்கிய இடுப்பு பெரிய எண்ணைக் காட்டும் என்பது எனக்குத் தெரியாத பாடம் இல்லை. அக்காவின் காம்பு திரும்பி வந்ததை இந்தக் கண்ணால் பார்த்தவன் நான். ஆனால் அந்த நேரத்தில் அந்த எண் எனக்கு வசதியாக இருந்தது.

அதோடு விட்டிருந்தால் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்துவிடலாம். நான் உடனே கூப்பிடவில்லை. நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டேன். அந்தத் தண்ணீரில் ஏழு நிமிடம் ஆகும். ஏழு நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு கூப்பிட்டேன்.

"பாத்தேன்க்கா. குதிக்குது."

"இன்னா? சத்தமா சொல்லுபா."

"குதிக்குதுக்கா! நல்லாப் போகுது!"

"கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"சரி" என்றார். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு யாரிடமோ கத்துவது கேட்டது. "நீ போ நைனா, இவர் இருக்கட்டும். அந்த எதுரு வூட்டுப் புள்ளத்தாச்சிய ஏத்திகினு போ." அதோடு இணைப்பு போய்விட்டது.

ஒன்றரை மணி நேரம் கழித்து என் அறைக் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் உள்ளே வந்தது. வெளியே வந்து பார்த்தேன். இடுப்பு இல்லை, பட்டை இல்லை, வாய்க்காலின் சுவரே இல்லை. நிலையத்திலிருந்து கால்வாய் மேடு வரைக்கும் ஒரே மட்டமாக, கறுப்பாக, அசையாமல் நின்றுகொண்டிருந்தது. கம்பியில் தொங்கிய கிண்ணம் மட்டும் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் ஆடிக்கொண்டிருந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன். போகவில்லை. இருபது தடவை போட்டிருப்பேன். அந்தப் பக்கம் போகப் பார்த்தேன், கேட்டுக்கு வெளியே கழுத்தளவு. காவலாளி என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

பிற்பாடு மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது இது. இருட்டுவதற்கு முன்பே அக்கா வீட்டில் கட்டில் மிதந்துவிட்டது. அம்மிக்கல்லைச் சுவரோரம் தள்ளி, அதன் மேல் ஏறி நின்று, அக்கா வீட்டுக்காரரின் தலையைத் தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். படகு திரும்ப வரமுடிந்தது மறுநாள் காலையில்தான். அப்போது அவருக்கு மூச்சு இருந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். நெஞ்சுக்குள் தண்ணீர் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

சாவுக்குப் போனேன். பந்தலுக்கு அடியில் இன்னும் சேறு. என்னைப் பார்த்ததும் அக்கா, "வந்தியா கெமிஸ்ட்டு, பஸ்ஸு ஓடுதா?" என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. போனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே காலில் விழுந்திருப்பேன். அவர் கேட்கவில்லை, நானும் விழவில்லை.

காரியம் முடிந்து வேலைக்கு வந்தார். வந்த முதல் நாளே கவனித்தேன். கம்பூட்டைப் போட்டுக்கொண்டு நேராகப் பட்டைக்குப் போனார். கோட்டைப் பார்த்தார், எண்ணை எழுதினார், திரும்பினார். இடுப்பைத் தாண்டிக் கீழே போகவில்லை. மறுநாளும் அப்படித்தான். கடல் ஏறியிருக்கும் நேரம் பார்த்து நான் போய் நின்றேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. அக்கா பட்டையைப் பார்த்து, அட்டவணை சொல்லும் பெரிய எண்ணை ஒழுங்காக எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாதக் கடைசியில் பதிவேட்டைப் பிரித்தால் ஒரு நிக்குது இல்லை. எல்லாக் கட்டத்திலும் எண்கள். மேலாளருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "இப்பதான் வேலை கத்துக்கிட்டிருக்காங்க" என்றார். நான் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அவர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். கீழே பார்த்தால் உண்மை தெரியும் என்று வாழ்நாள் பூராவும் நம்பியவர். நான் கீழே பார்த்தேன் என்றேன், குதிக்கிறது என்றேன். பார்த்தும் இப்படி ஆகிவிட்டதென்றால், பார்ப்பதில் என்ன இருக்கிறது? தண்ணீரே தன்னை ஏமாற்றிவிட்டது என்றல்லவா நினைத்துக்கொண்டிருப்பார். அவர் புருஷனைக் கொண்டுபோனதோடு என் பொய் நிற்கவில்லை. அவரையும் என்னைப் போல ஆக்கிவிட்டது.

அன்றிலிருந்து நான் கீழே போக ஆரம்பித்தேன். ஆய்வக வேலையைப் போட்டுவிட்டு, தினமும் இரண்டு மூன்று முறை. வெற்றிலைக் காம்பு என்னிடம் ஏது, காகிதத்தைக் கிழித்துப் போடுவேன். நிற்கிறது என்று தெரிந்தால் என் அறிக்கையில் அப்படியே எழுதினேன். மேலாளர் என்னை உட்கார வைத்துப் பேசினார், பிறகு நிற்க வைத்துப் பேசினார். வீட்டிலும் இதுவே வியாதியானது. ராயபுரத்தில் தெருமுனைச் சாக்கடை, பஸ் நிறுத்தத்துக் கால்வாய், கோவில் திருவிழாவில் குழாயடியில் வழியும் தண்ணீர், எதைக் கண்டாலும் நின்றுவிடுவேன். யாரோ போனில் குரல் கொடுத்துக் காத்திருப்பதுபோலவே இருக்கும். ஏழு நிமிடம் என்று யாராவது சொன்னால்கூட அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவேன்.

எட்டு மாதம் தாங்கினேன். ஒரு வெயில் நாள், அக்கா பட்டைக்கு முன்னால் பதிவேட்டோடு நின்றிருந்தபோது பக்கத்தில் போய்ச் சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு நான் போய்ப் பாக்கல. ரூம்லயே உக்காந்திருந்தேன். ஸ்கிரீனப் பாத்துட்டுச் சொன்னேன்."

அவர் எழுதிக்கொண்டிருந்த எண்ணை முடித்தார். பேனாவை மூடி ஹெல்மெட்டுக்குள் போட்டார்.

"தெரியும்" என்றார்.

"எப்படிக்கா?"

"போன்ல மய சத்தமே கேக்கலியே. வெளிய நின்னு பேசுனா மய சத்தம் கேக்காதா? ரூம்ல குந்திகினு பேசுறனு அப்பவே தெரிஞ்சிபோச்சி."

"தெரிஞ்சுமா படக அனுப்புன?"

அக்கா பதிவேட்டை மூடினார். தண்ணீரைப் பார்க்காமல் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு வருசமா தூக்கினு கீறேன் கெமிஸ்ட்டு. அன்னிக்கி காலைலேருந்து முதுகு நிமுரவேயில்ல. யாராச்சும் ஒருத்தரு, தூக்க வேணாம், குந்துனு சொல்ல மாட்டாங்களானு இருந்துச்சி. நீ சொன்ன. நான் குந்திட்டேன். அத்தோட தீந்துச்சி. நீ இன்னாத்துக்கு மூஞ்ச இப்டி வச்சினு சுத்துற?"

"நீ ஏன்க்கா இப்பலாம் கீழ பாக்குறதில்ல?"

"தெரிஞ்சிகினே குந்துனவ நான். இன்னா மூஞ்ச வச்சினு பாக்குறது?" என்றார். பிறகு, "போ, போயி சாப்டு. எளச்சிட்ட" என்று முழங்கையால் என்னை இடித்தார்.

எனக்கு வந்தது நிம்மதி. வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. பாதி பாரம் அவருடையது என்று அவரே சொல்லிவிட்டார். எட்டு மாதத்தில் முதல் முறையாக அன்று பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன். நடத்துனர் எழுப்பி இறக்கிவிட்டார்.

கொஞ்ச நாளில் அக்கா வேலையை விட்டுவிட்டார். நான் காட்டுப்பள்ளிப் பக்கம் வேறு இடத்துக்குப் போனேன். அடுத்த ஐப்பசியில் ஒருநாள், வழியில்தானே என்று அந்தத் தெருவில் இறங்கி அவர் வீட்டுக்குப் போனேன். அதுவரை நான் வீட்டுக்குள் போனதில்லை. சாவன்றுகூடப் பந்தலோடு திரும்பிவிட்டவன். ஒரே அறை. சுவரில் தண்ணீர் நின்ற கறை என் மார்பளவுக்கு இருந்தது. கட்டில் இருந்த இடத்தில் ஒரு தையல் மிஷின். அக்கா டீ போட்டுக் கொடுத்தார். தங்கை மகளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகி, குழந்தையும் பிறந்துவிட்டதாம். அந்த வீட்டுச் சாக்கடை எப்படி என்று கேட்டேன். சிரித்தார்.

டீயைப் பாதி குடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மேலே தகரக் கூரை. இரும்புச் சட்டியில் கல்லைக் கொட்டியதுபோல் ஆரம்பித்து, ஓயாமல் அப்படியே நீடித்தது அந்தச் சத்தம். எதிரில் உட்கார்ந்து அக்கா பேசுவது உதட்டில்தான் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து ராயபுரத்திலிருந்து என் மனைவி கூப்பிட்டாள். ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு காதில் போனை அழுத்திக்கொண்டேன். "சத்தமா சொல்லு" என்று நான் கத்த, அவளும் கத்தினாள்.

"எங்கே இருக்கே?" என்று கேட்டேன்.

"மாடியிலதான்! துணி எடுத்துக்கிட்டு இருக்கேன்! இங்கே கொட்டுது!"

அவள் மொட்டை மாடியில் மழைக்கு நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். அவள் குரலைத் தவிர எனக்கு எதுவும் கேட்கவில்லை. போனை இன்னும் அழுத்திப் பார்த்தேன். அந்தக் கூரைக்கு அடியில், மறுமுனையில் மழை பெய்கிறதா, ஆள் அறைக்குள் இருக்கிறானா வெளியே நிற்கிறானா என்று எந்தக் காதாலும் சொல்ல முடியாது.

நிமிர்ந்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. என் டம்ளரை வாங்கிக்கொண்டு, கழுவுவதற்குப் பின்பக்கம் போய்விட்டார்.

புயலன்று அவருக்கு எதுவும் தெரியாது. பாத்தேன்க்கா என்று நான் சொன்னதை நம்பித்தான் படகை அனுப்பியிருக்கிறார்.